மரபணு பரிசோதனை: நான்கு வருடம் கழித்து

அப்பா, அத்தை, சித்தப்பா மூவருக்கும் சர்க்கரை. எனக்கும் வருமா என்று தெரிந்துகொள்ளத்தான் எச்சில் மாதிரி அனுப்பும் மரபணு பரிசோதனையை வாங்கினேன். அரை மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்து, குழாயில் கோடு வரை துப்ப வேண்டும். நுரை கணக்கில் சேராது. டைப் 2 நீரிழிவுக்கு 'சராசரியைவிட அதிக வாய்ப்பு' என்று சிவப்புப் பட்டையோடு அறிக்கை வந்தது.

மறுநாளே டீயில் சர்க்கரையை நிறுத்தினேன். அந்த வேகம் தீபாவளி வரைக்கும்தான். பெரும்பாலானவர்களுக்கு இப்படித்தானாம். மரபணு ஆபத்தைச் சொல்வதால் மட்டும் உணவோ உடற்பயிற்சியோ பெரிதாக மாறுவதில்லை என்று 2016இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு சொல்கிறது.

எனக்குப் பட்ட காரணம் இது: எவ்வளவு நடந்தாலும் அந்தச் சிவப்புப் பட்டை அப்படியேதான் இருக்கும். ஹெச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை அப்படியில்லை. ஏறக்குறைய மூன்று மாதச் சர்க்கரை நிலவரத்தைக் காட்டும். எனக்கு 6.2 சதவீதம் இருந்தது, 5.7 முதல் 6.4 வரை முன்நீரிழிவு, அதாவது நீரிழிவுக்கு முந்தைய கட்டம். அது 6க்குக் கீழே இறங்கியதும்தான் எனக்குப் பிடிப்பு வந்தது. இப்போதும் ராத்திரி சாப்பாட்டில் சாம்பாருக்கு ஒரு கரண்டி சோறு, ரசத்துக்கு ஒரு கரண்டி. மோருக்குச் சோறு கிடையாது, டம்ளரில் ஊற்றிக் குடிப்பதுதான். அப்புறம் மொட்டை மாடியில் நடை.

சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 531 பேரை வைத்து நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வும் இதே வழிதான். உணவையும் நடையையும் மாற்றியவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5% குறைந்தது. அவர்களை மரபணு பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை, சர்க்கரை அளவைப் பார்த்துத்தான்.

ஒரு குறை எனக்கு இன்னும் ஆறவில்லை. அறிக்கையில் ஆபத்தைக் கணக்கிடும் மரபணு மதிப்பெண்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவிலிருந்து உருவானவை. நம்மவர்களுக்குத் துல்லியம் குறையும். என் அறிக்கையில் அது கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. காசு வாங்கும் முன் சொல்ல வேண்டிய விஷயம்.

தம்பி தானும் வாங்கலாமா என்று கேட்டான். வேண்டாம், வெறும் வயிற்றுச் சர்க்கரையும் ஹெச்பிஏ1சியும் பார் என்று லேபுக்குக் கூட்டிப்போனேன். ஆனால் குடும்பத்தில் இளம் வயதிலேயே மார்பகப் புற்றோ மாரடைப்போ வந்திருந்தால் விஷயம் வேறு. அங்கே ஒற்றை மரபணுவே பெரிய ஆபத்தாக இருக்கலாம். அதற்கு ஆன்லைனில் வாங்கும் பெட்டி போதாது. டாக்டரையும் மரபணு ஆலோசகரையும் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.