மீட்டர் இல்லாத யாஷிகா டி: சென்னை வெயிலில் எப்படி?

யாஷிகா டி பழைய இரட்டை லென்ஸ் ஃபிலிம் கேமரா: மேல் லென்ஸ் பார்க்க, கீழ் லென்ஸ் படம் எடுக்க. இதில் ஒளியை அளக்கும் லைட் மீட்டரும் கிடையாது, பேட்டரியும் கிடையாது. பழைய கேமரா வாங்க வருபவர்கள் இதைக் கையில் எடுத்துவிட்டுத் தயங்குவது இந்த இடத்தில்தான். பகலில் வெளியே மட்டும் படம் எடுப்பவருக்கு அந்தத் தயக்கம் தேவையில்லை.

நல்ல வெயிலில் அப்பர்ச்சர், அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துவாரம், எஃப் 16. எண் குறையக் குறையத் துவாரம் பெரிதாகத் திறக்கும். ஃபிலிம் வேகம் (பெட்டியில் உள்ள ISO எண்) எவ்வளவோ அதில் ஒரு பங்கு நொடி ஷட்டர். கோடக் கோல்டு 200 போட்டால் 1/200 வரும். அது இந்த டயலில் இல்லை, 1/250 வையுங்கள். பிறகு ஷட்டரைத் தொடாமல் நிழலைப் பார்த்து அப்பர்ச்சரை மட்டும் மாற்றினால் போதும். நிழலின் ஓரம் கூர்மையாக இருந்தால் 16, மங்கலாக இருந்தால் 11, நிழலைத் தேட வேண்டியிருந்தால் 8. ஐப்பசி மேகம் கவிந்து நிழலே இல்லையென்றால் 5.6. கட்டட நிழலுக்குள், மேலே வானம் திறந்திருந்தால் 4. இடுப்பளவில் வைத்துக் குனிந்து பார்க்கும் கேமரா என்பதால் தரையில் விழும் நிழல் தானாகக் கண்ணில் படும். ஷட்டரும் அப்பர்ச்சரும் மேல் லென்ஸுக்கு மேலே உள்ள சின்ன ஜன்னலில் தெரிகின்றன. இந்த அமைப்பு அருமை.

கணக்கு சறுக்கும் இடங்கள் சென்னையில் இரண்டு. ஒன்று, உச்சி வெயில். ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் நேர் தலைக்கு மேல் வருகிறது. நிழல் கூர்மையாக இருந்தாலும் ஒளி மேலிருந்து மட்டும் விழுவதால் கண்குழி கறுத்துவிடும். முகம் எடுத்தால் 11-க்குத் திறங்கள். மெரினா மணலில் இந்தச் சிக்கல் குறைவு, மணலே கீழிருந்து ஒளியைத் திருப்பி அனுப்பும். அங்கே முகத்துக்கும் 16 போதும். வெறும் மணலும் அலையும் என்றால் 22.

இரண்டாவது, காலை வெயில். சூரியன் கடலிலிருந்து எழும் அந்த முதல் அரைமணியிலும் நிழல் கூர்மையாகத்தான் விழும், ஆனால் ஒளி இரண்டு ஸ்டாப்பாவது குறைவு (16-லிருந்து 11 போல ஒரு படி திறப்பது ஒரு ஸ்டாப், ஒளி இரட்டிக்கும்). எனவே நிழலின் நீளத்தையும் பாருங்கள்; ஆளைப்போல் இரண்டு மடங்கு நீண்டால் ஒரு ஸ்டாப் திறக்க வேண்டும்.

மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயிலின் கிழக்குக் கோபுரத்தைச் சன்னதித் தெருவிலிருந்து காலையில் எடுத்தால் வெயில் நேரே விழும். மாலையில் சூரியன் பின்னால் போய்விடும். அப்போது சுதைச் சிற்பங்கள் தெரிய வேண்டுமானால் இரண்டு ஸ்டாப் கூட்டுங்கள், வானம் வெளுக்கும். சந்தேகம் வந்தால் திறந்த பக்கமே சாயுங்கள். கலர் நெகட்டிவ் கூடுதல் ஒளியை இரண்டு ஸ்டாப் வரை தாங்கும். குறைந்தால் நிழல் பகுதி சேறாகிவிடும்.

குறைகளும் உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் முன் ஷட்டரைத் தனியே காக் செய்ய (லீவரைத் தள்ளித் தயார்படுத்த) வேண்டும். ஃபிலிமைச் சுற்ற மறந்தால் ஒரே பிரேமில் இரண்டு படம். பழைய ஷட்டரில் 1/500 அந்த வேகத்துக்கு ஓடும் என்று நம்ப வேண்டாம். வாங்கும்போது பின்கதவைத் திறந்து 1 நொடியில் வைத்து அழுத்துங்கள். பாதியில் நின்றால் எண்ணெய் இறுகியிருக்கிறது. கீழ் லென்ஸுக்குள் டார்ச் அடித்து, சிலந்தி வலை போல் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மேல் லென்ஸில் இருந்தால் படத்துக்குப் பாதிப்பில்லை, விலையைக் குறைக்கக் கேட்கலாம்.

கோயில் மண்டபத்துக்குள் நுழைந்துவிட்டால் நிழல் கணக்கு செல்லாது. அங்கே போனில் ஒரு மீட்டர் ஆப் வைத்துக்கொள்ளுங்கள்.