பன்னிரண்டு வரியா, ஆறு வரியா? பந்திங் திடலுக்கு ஏற்ற கிரிக்கெட் மட்டை

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்திலுள்ள பந்திங் வட்டாரத்துப் பையன்களின் கையில், வில்லோ மரத்தில் செய்த மூன்று வகை மட்டைகளைப் பார்க்கலாம்: வரிகள் நெருங்கி ஓடும் இங்கிலிஷ் வில்லோ, வரிகள் அகன்று கிடக்கும் இங்கிலிஷ் வில்லோ, காஷ்மீர் வில்லோ. தோட்டத்துச் சம்பளத்திலோ தொழிற்சாலைச் சம்பளத்திலோ மிச்சம் பிடித்து ஒரு குடும்பம் வாங்கும் பொருள் இது. ஆனால் கடையில் பேச்சு பெரும்பாலும் "எத்தனை கிரெயின்?", அதாவது மட்டையின் முகத்தில் எத்தனை வரி, என்பதோடு நின்றுவிடுகிறது. அந்தக் கேள்விக்குத் தகுதிக்கு மீறிய மதிப்பைக் கொடுத்துவிட்டோம் என்பது என் உறுதியான எண்ணம். எடை எவ்வளவு, அந்த எடை மட்டையில் எங்கே தங்கியிருக்கிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

வரி சொல்வது மரத்தின் வயதை. மட்டையின் முகத்தில் மேலிருந்து கீழாக ஓடும் ஒவ்வொரு கோடும் அந்த வில்லோ மரம் வளர்ந்த ஓர் ஆண்டு. குளிர்காலமே இல்லாத நம் காட்டு மரங்களில் இவ்வளவு தெளிவான ஆண்டு வளையங்களைக் காண்பது அரிது. இங்கிலாந்தின் எசெக்ஸ், சஃபோக் பகுதி வில்லோவில் அவை பளிச்சென்று தெரியும். ஈர மண்ணில் விறுவிறுவென்று வளர்ந்த மரத்தின் மட்டையில் 6 வரி இருக்கும். மெதுவாக வளர்ந்த மரமானால், விதி அனுமதிக்கும் 10.8 செ.மீ. அகலத்துக்குள் 10, 12 வரிகள்கூட நெருங்கி நிற்கும்.

நெருங்கிய வரி மட்டை சீக்கிரம் பழகிவிடும். வாங்கிய சில வாரங்களிலேயே பந்து பட்ட இடத்திலிருந்து துள்ளிப் போகும். அதனால்தான் அதற்கு அத்தனை மவுசு. ஆனால் அது பொதுவாகச் சீக்கிரம் தளர்ந்தும் போகும். அதன் அடிப்பகுதியும் விளிம்பும் முதலில் பிளக்கும். அகன்ற வரி மட்டை தொடக்கத்தில் மந்தமாகத் தோன்றும். மரச் சுத்தியலால் நிதானமாகத் தட்டி, பழைய பந்தில் ஆடி, பொறுமையாக வளர்த்தெடுத்தால், அதே துள்ளலை இதுவும் தரும். கூடுதல் காலம் உழைக்கவும் செய்யும். முழுநேர ஆட்டக்காரர் ஒரு பருவத்தில் பல மட்டைகளை மாற்றுவார், அவருக்கு முதல் வகை சரி. ஒரே மட்டையை இரண்டு மூன்று ஆண்டுகள் வைத்து ஆட வேண்டிய பந்திங் பையனுக்கு 6 முதல் 8 வரி உள்ளதே நல்லது என்பேன். மட்டைக்குக் கொடுக்கும் தர எண்ணும் (கிரேடு) பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் அழகைப் பார்த்துப் போடுவதுதான். ஓரத்தில் ஒரு சிவப்புப் பட்டையோ சிறு புள்ளியோ இருந்தால் தரம் இறங்கும், விலையும் இறங்கும், அடி இறங்காது. அப்படிப்பட்ட மட்டை கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

காஷ்மீர் வில்லோவைச் சிலர் ஏளனமாகப் பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை. அனந்த்நாக் வட்டாரத்தில் வளரும் அந்த மரம் சற்றுக் கடினமானது, அடர்த்தியானது, பழுப்பு நிறம் கலந்தது. ஒரே பருமனில் செய்தால் இங்கிலிஷ் வில்லோவைவிடக் கனக்கும். ஆகவே எடையைக் குறைக்க விளிம்பை மெலிதாக்கிவிடுகிறார்கள். துள்ளலும் கொஞ்சம் குறைவு. ஆனாலும் 2021 டி20 உலகக் கோப்பையில் ஓமான் வீரர்கள் சிலர் காஷ்மீர் மட்டையோடு களமிறங்கினார்கள். சிமெண்டுத் தரையில் பாய் விரித்து ஆடும் நம் திடல்களுக்கும், தோல் பந்தை இப்போதுதான் பழகத் தொடங்கும் பிள்ளைகளுக்கும் அது தாராளமாகப் போதும்.

கைப்பிடிப் பிரம்பைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. மலாய்த் தீபகற்பத்துக் காடுகளிலும் சுமத்ராவிலும் வளரும் மானாவ் பிரம்புதான் பல மட்டைகளுக்குக் கைப்பிடி. பிரம்புப் பட்டைகளுக்கு நடுவே மெல்லிய ரப்பர் துண்டுகளை வைத்து ஒட்டுவார்கள். பந்து மோதும் அதிர்வை அவை வாங்கிக்கொள்ளும். தலைமுறை தலைமுறையாகப் ரப்பர் தோட்டங்களில் பால் மரம் வெட்டிய நம் மக்களுக்கு, உலகத்தின் பெரிய மைதானங்களில் சுழலும் மட்டைக்குள் ரப்பரும் நம் காட்டுப் பிரம்பும் இருப்பது தெரிய வேண்டும்.

இனி எடை. பெரியவர்கள் ஆடும் மட்டை பொதுவாக 2 பவுண்டு 7 அவுன்ஸிலிருந்து 2 பவுண்டு 12 அவுன்ஸ் வரை, அதாவது ஏறத்தாழ 1.1 முதல் 1.25 கிலோ வரை இருக்கும். கனமான மட்டை பந்தை அதிக தூரம் அனுப்பும் என்பது பாதி உண்மை. அதே வேகத்தில் வீசினால் அனுப்பும். ஆனால் கனம் ஏற ஏற வீச்சின் வேகம் குறையும்; உடம்புக்கு அருகில் வரும் பந்தை வெட்டியோ மடக்கியோ ஆட நேரம் போதாது. டெண்டுல்கர் 3 பவுண்டைத் தாண்டிய மட்டையோடு ஆடினார் என்பது உண்மை. அவருடைய மணிக்கட்டும் பந்தைப் படிக்கும் கண்ணும் நமக்கு இல்லை.

தராசு சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. ஒரே 1.18 கிலோ எடையுள்ள இரண்டு மட்டைகளில் ஒன்று கையில் பூப்போல எழும், மற்றது தரையை நோக்கி இழுக்கும். முதுகின் பருமன் கீழே தாழ்ந்திருந்தால் கனமாகத் தோன்றும். மேலே ஏறியிருந்தால் இலகுவாகத் தோன்றும். கைப்பிடியில் இன்னொரு ரப்பர் உறையை ஏற்றிப் பாருங்கள்: தராசில் எடை கூடும், கையில் கனம் குறைந்ததாகத் தெரியும். எடை கையை நோக்கி நகர்ந்ததே காரணம். கடையில் சோதிக்க எளிய வழி, மேல் கையால் மட்டும் பிடித்து மட்டையைத் தூக்கி நேராக ஆடுவதுபோல் மெதுவாக வீசுவது. மணிக்கட்டு தள்ளாடினால் அதில் 12 வரி இருந்தாலும் கீழே வையுங்கள்.

விளிம்பு தடித்து, எடை மட்டும் குறைவாக இருக்கும் மட்டையைச் சற்றுச் சந்தேகத்தோடு பாருங்கள். 2017 அக்டோபர் முதல் விளிம்பு 40 மி.மீ., மொத்தப் பருமன் 67 மி.மீ. என்று விதி வரம்பு கட்டியிருக்கிறது. அந்த வரம்பை ஒட்டிய பருமனை 1.13 கிலோவில் கொண்டுவர அடர்த்தி குறைந்த மரம் வேண்டும். அல்லது மரத்தை மிகையாக உலர்த்த வேண்டும். மிகையாக உலர்ந்த வில்லோ எளிதில் விரிசல் விடும். பந்திங்கின் ஈரக் காற்றில் அது தண்ணீரை உறிஞ்சி எடையும் கூடும். மாலை மழைக்குப் பிறகு ஈரத் திடலில் ஆடினால் மட்டையின் அடிப்பகுதி வீங்கும். அதே மட்டையை மறுநாள் வெயிலில் நிற்கும் காரின் பின்பெட்டியில் போட்டுவைப்பது அதைவிடக் கொடுமை. ஆளி விதை எண்ணெயை மெல்லிசாகத் தடவுவதும், அடியில் ரப்பர் காப்பு ஒட்டுவதும் இங்கே கட்டாயம்.

ஆக, தோல் பந்தில் வாரந்தோறும் ஆடும் இளைஞருக்கு என் தேர்வு 7 வரி அளவிலான இங்கிலிஷ் வில்லோ, 2 பவுண்டு 8 முதல் 10 அவுன்ஸ், நடுத்தரத் தரம். மேல் தரத்துக்கு ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டிக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியை நல்ல கால்காப்புக்கும் தலைக்கவசத்துக்கும் ஒதுக்குங்கள். அதிரடியாக ஆடும் ஆறடி ஆளுக்கு இன்னும் இரண்டு அவுன்ஸ் கூடலாம்.

சிறு பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் பெற்றோரிடம் கெஞ்சியே கேட்கிறேன். அடுத்த ஆண்டும் உதவும் என்று 11 வயதுப் பிள்ளைக்குப் பெரியவர் மட்டையை வாங்காதீர்கள். அதைத் தூக்க முடியாமல் கீழ்க் கையால் இழுத்து வீசும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும், நேராக ஆடவே வராது. பிள்ளையின் உயரத்துக்கு ஏற்ற 5 அல்லது 6 எண் அளவுள்ள காஷ்மீர் மட்டை, இருப்பதிலேயே இலகுவானதாகப் பார்த்து வாங்குங்கள். வரியை எண்ண வேண்டாம்.