ஜோடி சார்ஜரா, தனித்தனி சார்ஜரா?

அப்பாவின் பிபி மெஷினுக்கு நான்கு டபுள் ஏ பேட்டரி, என் மவுஸுக்கு ஒன்று, பையனின் ரிமோட் காருக்கு வாங்கிப்போட்டு மாளாது. அதனால்தான் எட்டு ரீசார்ஜபிள் பேட்டரி வாங்கினேன். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை, கொள்ளளவு 2000 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி). கூடவே விலை குறைந்த ஒரு சார்ஜர். ஒரே வருடத்தில் நான்கு பேட்டரி படுத்துவிட்டது. அப்புறம்தான் சார்ஜரை மாற்றினேன்.

முதல் சார்ஜரில் இரண்டு இரண்டாகத்தான் போட முடியும். இரண்டுக்கும் ஒரே கரண்ட், வரிசையாக ஓடும். மவுஸிலிருந்து எடுத்த காலி பேட்டரியோடு, ஜோடிக்காகப் பாதி நிரம்பிய ஒன்றைச் சேர்த்துப் போடுவேன். பாதி நிரம்பியது சீக்கிரம் நிறைந்துவிடும், ஆனாலும் கரண்ட் நிற்காது. அது சூடாகி உள்ளே கெட்டுக்கொண்டே போகும். டைமர் முடிந்தால்தான் விடுதலை. அந்த டைமரும் கரண்ட் போய் வந்தால் மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பிக்கும். எங்கள் தெருவில் ராத்திரி இரண்டு தடவை கரண்ட் போனால், காலையில் பேட்டரியைத் தொட முடியாது.

இப்போது வைத்திருப்பதில் நான்கு இடமும் தனித்தனி. பேட்டரி நிறையும்போது அதன் வோல்டேஜ் உச்சத்தைத் தொட்டுச் சில மில்லிவோல்ட் இறங்கும். அந்தச் சின்ன இறக்கத்தைப் பார்த்து அந்த இடத்தை மட்டும் சார்ஜர் நிறுத்திவிடும். கரண்ட் போய் வந்தாலும் கவலையில்லை, நிறைந்ததா என்று மறுபடி பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு இடத்துக்கும் 500 மில்லி ஆம்பியர், ஆக காலி பேட்டரி நிறைய ஏறக்குறைய ஐந்து மணி நேரம். இதைவிட ரொம்ப மெதுவான சார்ஜர் வேண்டாம் என்பேன். சார்ஜ் ஏற்றும் கரண்ட் குறைந்தால் அந்த வோல்டேஜ் இறக்கம் தெளிவாகத் தெரியாது, சார்ஜர் நிறுத்தாமல் விட்டுவிடலாம். அரை மணியில் நிரப்புகிற அவசர சார்ஜரும் வேண்டாம், சூடு அதிகம்.

போன் சார்ஜரிலேயே செருகுகிற மாதிரி வாங்கியது நல்லதாகப் போயிற்று. அடாப்டர் கெட்டால் வேறொன்று வீட்டிலேயே இருக்கும்.

விலை முதல் சார்ஜரைப் போல இரண்டு மடங்குக்கு மேல்தான். ஆனால் அங்கே மிச்சம் பிடித்ததெல்லாம் நான்கு பேட்டரி திரும்ப வாங்கியதில் போய்விட்டதே. இதில் இரண்டு வருடமாக ஒன்றுகூடப் போகவில்லை.

திரையில் கொள்ளளவைக் காட்டுகிற பெரிய சார்ஜரும் உண்டு. நண்பரிடம் ஒரு வாரம் வாங்கி வைத்திருந்தேன், அவ்வளவுதான் அனுபவம். பழைய பேட்டரிகளில் ஒன்று 700 எம்ஏஎச்தான் தாங்குகிறது என்று காட்டியது. கேமரா ஃபிளாஷுக்கு இருபது முப்பது பேட்டரி வைத்திருப்பவர்களுக்குச் சரி. எட்டு பேட்டரி வீட்டுக்கு அவ்வளவு தேவைப்படாது என்றே படுகிறது.

பேட்டரியிலேயே யுஎஸ்பி துளை வைத்த 1.5 வோல்ட் லித்தியம் வகையை நான் பயன்படுத்தியதில்லை. ஒன்று மட்டும் நிச்சயம்: அதை இந்தச் சார்ஜர்களில் போடவே கூடாது.

கடையில் அட்டைப்பெட்டியை நம்ப வேண்டாம், ஒரே ஒரு பேட்டரியைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். விளக்கு எரிந்து சார்ஜ் ஏறினால் தனித்தனி வகை. இரண்டாவது பேட்டரியும் வேண்டும் என்றால் ஜோடி வகை. நான்கு இடத்துக்கு இரண்டே விளக்கு இருந்தாலும் பெரும்பாலும் ஜோடிதான்.