கடல்நீர்த் தொட்டி மணலுக்குக் கோபி மீனா, நட்சத்திர மீனா, நத்தையா?

ஈரோட்டில் எங்கள் வீட்டில் இருப்பது நாலடிக் கடல்நீர் மீன்தொட்டி, அடியில் இரண்டு அங்குல மணல். ஆறே மாதத்தில் மணல்மேல் பழுப்புப் படலம் ஏறியது, மிச்சத் தீனி அங்கங்கே அழுக ஆரம்பித்தது. மணலைக் கிளற எதை விடலாம் என்று விசாரித்தால் மணல் சலிக்கும் கோபி மீன், மணல் நட்சத்திர மீன், நசாரியஸ் நத்தை என்று மூன்று பெயர்கள் வந்தன. நான் கடைசியில் நத்தை பக்கம் வந்து சேர்ந்தேன். கடல் அட்டையும் இந்த வேலையில் கெட்டிதான். ஆனால் 2001 முதல் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. யார் கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

வேகத்தில் கோபிதான் முதல். வாய் நிறைய மணலை அள்ளிச் செவுள் வழியாக உதிர்க்கும். கோழி குப்பைமேட்டைக் கிளறுகிற மாதிரி ஓயாத வேலை. பவளத்தின்மேல் மணலைக் கொட்டும், மூடி இல்லாவிட்டால் துள்ளி வெளியே விழும். அதெல்லாம் சமாளிக்கக்கூடியதுதான்.

மணல் சுத்தமான பிறகு அது எதைத் தின்னும்? வாங்குவதற்கு முன் இதைத்தான் கேட்க வேண்டும். கோபியும் நட்சத்திர மீனும் முக்கியமாகத் தேடுவது அழுக்கை அல்ல, மணலுக்குள் வாழும் பொடிப் புழுக்களையும் சின்னஞ்சிறு உயிர்களையும். அவைதான் மணலைக் கெடாமல் வைத்திருப்பவை. நாலடித் தொட்டி மணலில் அவை எத்தனை நாளைக்கு வரும்? என் நட்சத்திர மீன் நாலு மாதம் நன்றாக ஊர்ந்தது. ஐந்தாம் மாதம் கைகளின் நுனி கரைய ஆரம்பித்தது, அப்புறம் பிழைக்கவில்லை. நம்மூர் வெயிலில் அப்படி ஒன்று மணலுக்கடியில் செத்துக் கிடந்தால் தண்ணீர் சீக்கிரமே கெட்டுப்போகும். கோயமுத்தூரில் கோபி வளர்க்கும் மாப்பிள்ளை சொன்னார்: "மண்ணு பளபளன்னு இருக்குதுங் மாமா, மீனு வயிறுதான் ஒட்டிப்போச்சு." தினமும் இரண்டு வேளை உறைந்த இறாலைக் கரைத்துப் போட்டுத்தான் அதைத் தேற்றினார்.

நசாரியஸுக்கு அந்தக் கவலை இல்லை. மீன் விட்ட தீனியும் செத்ததும்தான் அதன் சாப்பாடு. மீன் இருக்கும்வரை அதற்கும் சோறு உண்டு. பகலில் மணலுக்குள் புதைந்து, குட்டித் தும்பிக்கை மாதிரி ஒரு குழலை மட்டும் வெளியே நீட்டியிருக்கும். ஒரு துணுக்கு இறால் விழுந்ததும் அங்கங்கே மணல் பிளந்து நான் விட்ட எட்டு நத்தையும் கிளம்பி வரும். அந்தப் போக்குவரத்திலேயே மணல் கிளறப்பட்டுவிடுகிறது.

பழுப்புப் படலத்தை மட்டும் அது தொடாது. அதற்கு செரித் என்ற இன்னொரு வகை நத்தை ஐந்து விட்டிருக்கிறேன். சங்கு ஒன்றும் விட்டு இரண்டு மாதம்தான் ஆகிறது. படலத்தை நன்றாக மேய்கிறது, ஆனால் அதை நம்பி இன்னொருவருக்குச் சொல்ல இந்த அனுபவம் போதாது.

நத்தை வைத்த தொட்டியில் செம்பு கலந்த மருந்தை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் அதைத் தனித் தொட்டிக்கு மாற்றி அங்கே வைத்தியம் பாருங்கள்.