டோட்டல் லாஸ் ஆன சூப்பர் ஃபோரைத் திரும்ப வாங்கி ஓட்டிய அனுபவம்

வண்டி ஹோண்டா சூப்பர் ஃபோர் ரெவோ. 399 சிசி, நான்கு சிலிண்டர், சிங்கப்பூரில் 2ஏ உரிமம் (400 சிசி வரையிலான மோட்டார் சைக்கிள் ஓட்டும் உரிமம்) எடுத்த பலரும் ஆசைப்பட்ட வண்டி. விபத்துக்குப் பிறகு காப்புறுதி நிறுவனம் அதை டோட்டல் லாஸ், அதாவது பழுதுபார்த்துக் கட்டுப்படியாகாத முழு நட்டம், என்று முடிவு செய்தது. நான் அதைத் திரும்ப வாங்கி, சரிசெய்து, இன்றுவரை ஓட்டுகிறேன். வேலைக்கு தினமும், விடுமுறைக்கு மலேசியாவின் ஈப்போ வரைக்கும். இதே நிலைமையில் மாட்டிக்கொண்டவர்கள் அடிக்கடி என்னிடம் கேட்பதால், நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் டோட்டல் லாஸ் என்றால் வண்டி நொறுங்கிப்போனது என்று பொருள் இல்லை. பெரும்பாலும் அது சிஓஇ கணக்கு. இங்கே வண்டி வைத்திருக்க ஏலத்தில் எடுக்க வேண்டிய, காலவரம்புள்ள உரிமைச் சான்றிதழ்தான் சிஓஇ. இது புரியாமல் நல்ல வண்டிகளைப் பழைய இரும்புக்கு அனுப்பியவர்கள் பலர் எனக்குத் தெரிந்தவர்களிலேயே உண்டு.

விபத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வலப்பக்கம் திரும்பப் பச்சை அம்புக்குறி இல்லாத சந்திப்பு. எனக்குப் பச்சை, நேராகப் போனேன். எதிரே வந்த கார் வலப்பக்கம் திரும்பி என் குறுக்கே வந்துவிட்டது. இந்த மாதிரிச் சந்திப்புகளில்தான் எல்டிஏ (நிலப் போக்குவரத்து ஆணையம்) 2018இல் சிவப்பு, மஞ்சள், பச்சை அம்புக்குறி விளக்குகளைப் பொருத்தத் தொடங்கியது. அந்தச் சந்திப்புக்கு அப்போது அது வந்திருக்கவில்லை. மணிக்கட்டில் எலும்பு விரிசல், முழங்காலில் தையல். முன்பக்கக் கேமரா எல்லாவற்றையும் பதிவு செய்திருந்தது. அந்தப் பதிவு இல்லாவிட்டால் பிறகு நடந்த எதுவும் இவ்வளவு சுலபமாக நடந்திருக்காது. பைக் ஓட்டும் எல்லாரும் கேமரா பொருத்துங்கள் என்று கெஞ்சியே கேட்கிறேன்.

விபத்து நடந்த 24 மணி நேரத்துக்குள், அல்லது அடுத்த வேலை நாளுக்குள், உங்கள் காப்புறுதி நிறுவனத்திடம் புகார் கொடுத்தாக வேண்டும். கீறல் மட்டும்தான் என்றாலும் கொடுக்க வேண்டும். தாமதித்தால் என்சிடி (கோரிக்கை வைக்காதவர்களுக்குக் கட்டணத்தில் கிடைக்கும் தள்ளுபடி) போகலாம், கோரிக்கையையே மறுக்கலாம். அடிபட்டு மருத்துவமனையில் இருந்த எனக்காக என் தம்பிதான் அவர்களுடைய அவசர எண்ணுக்கு அழைத்து, இழுவை வண்டியை வரவழைத்தான். அதற்குள் யாரும் கூப்பிடாமலே ஓர் இழுவை வண்டி வந்து நின்றதாம். அப்படி வரும் வண்டியில் பைக்கை ஏற்றிவிடாதீர்கள். பிறகு எந்தப் பட்டறையில் கிடக்கிறது, தினம் எவ்வளவு வாடகை ஏறுகிறது என்று தேடி அலைய வேண்டியிருக்கும்.

என்னிடம் இருந்தது முழுக் காப்புறுதி. அதனால் என் நிறுவனத்திடமே கோரிக்கை வைத்தேன். அவர்கள் எனக்குக் கொடுத்துவிட்டு, கார்க்காரரின் நிறுவனத்திடமிருந்து வசூலித்துக்கொள்வார்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் வைத்திருப்பவர்கள் நேராக எதிர்த்தரப்பு நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும். அந்த வழியில் வண்டி உங்களுடையதாகவே இருக்கும். விபத்துக்கு முந்தைய மதிப்பிலிருந்து இப்போது எஞ்சியிருக்கும் மதிப்பைக் கழித்து, மீதியைக் கொடுப்பார்கள். முழுக் காப்புறுதியில் நடப்பது வேறு. முழு மதிப்பையும் உங்களுக்குக் கொடுத்துவிட்டு வண்டியை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். திரும்ப வாங்கும் பேச்சே அங்கேதான் வருகிறது.

இனி அந்தக் கணக்கு. புரிவதற்காக முழு எண்களில் சொல்கிறேன். விபத்துக்கு முன் வண்டியின் சந்தை மதிப்பு 9,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று வைத்துக்கொள்வோம். அதில் மீதமிருக்கும் சிஓஇ மட்டுமே 4,000 வெள்ளி. வண்டியைப் பதிவிலிருந்து நீக்கினால், மீதமுள்ள காலத்துக்கு ஏற்ப சிஓஇ பணத்தை எல்டிஏ திருப்பிக் கொடுத்துவிடும். கார்களுக்கு இருப்பது போல் பதிவு நீக்கும்போது கிடைக்கும் பார்ஃப் என்ற கழிவு நமக்குக் கிடையாது, சிஓஇ மட்டும்தான். அடிபட்ட வண்டியின் உடம்புக்குப் பழைய வண்டி வாங்குபவர் 900 வெள்ளி தருகிறார். ஆக நிறுவனத்தின் கையில் 4,900 வெள்ளி தானாக வந்துவிடுகிறது. எல்லாம் புதுப் பாகமாகப் போட்டுப் பழுதுபார்க்க அவர்களுடைய பட்டறை 6,200 வெள்ளி கேட்கிறது. வண்டியை எழுதித் தள்ளினால் அவர்களுக்கு நிகரச் செலவு 4,100, பழுதுபார்த்தால் 6,200. எதைச் செய்வார்கள்? அவர்கள் மீது எனக்கு இதில் கோபமே இல்லை. கணக்கு சரியானதுதான். சேசிஸ் (வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டம்) எப்படி இருக்கிறது என்ற கேள்வி மட்டும் அந்தக் கணக்கில் எங்கேயும் வரவில்லை.

2022இல் மோட்டார் சைக்கிள் சிஓஇ 12,000 வெள்ளியைத் தாண்டியது நினைவிருக்கும். சிஓஇ விலை உயர்ந்த காலத்தில் பதிவான வண்டிகள் கொஞ்சம் அடிபட்டாலே டோட்டல் லாஸ் ஆகிவிடுவதற்குக் காரணமும் இதுவே.

எனக்குக் கோபம் வந்தது மதிப்பீட்டில்தான். முதலில் சொன்ன சந்தை மதிப்பு மிகக் குறைவு. தொலைபேசியில் வாதாடிப் பயனில்லை என்று தெரிந்து, அதே மாடல், ஏறக்குறைய அதே சிஓஇ மீதமுள்ள வண்டிகளின் விற்பனை விளம்பரங்களையும், வண்டியைப் பராமரித்த ரசீதுகளையும் சேர்த்து மின்னஞ்சலில் அனுப்பினேன். தொகை உயர்ந்தது. உயராமல் போயிருந்தால் நிதி நிறுவனங்களுடனான தகராறுகளைத் தீர்க்கும் ஃபிட்ரெக் அமைப்பிடம் போயிருப்பேன். நிறுவனத்திடம் முறையாகப் புகார் செய்தும் தீராத தகராறை அங்கே கொண்டுபோகலாம் என்பது நம்மில் பலருக்குத் தெரிவதில்லை.

"வண்டியை நானே எடுத்துக்கொள்ள விரும்புகிறேன்" என்பதையும் அதே மின்னஞ்சலில் எழுதினேன். இதை எழுத்தில், ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். வண்டியை ஒருமுறை பதிவிலிருந்து நீக்கிவிட்டால் திரும்பப் பதிவு செய்ய வழியே இல்லை. ஒன்று அழிக்க வேண்டும், இல்லை ஏற்றுமதி செய்ய வேண்டும். அதனால் டிஸ்சார்ஜ் வவுச்சரில் (இந்தத் தொகையோடு கோரிக்கை தீர்ந்தது என்று ஒப்புக்கொள்ளும் தாள்) கையெழுத்துப் போடுவதற்கு முன்பே பேசி முடிக்க வேண்டும். அந்தத் தாளையும் வரிவரியாகப் படியுங்கள். வாகனச் சேதத்துக்கு மட்டுமா, உடல் காயத்துக்கும் சேர்த்தா என்று பாருங்கள். காயத்துக்கான வழக்குக்கு மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. பைக் பணத்தின் அவசரத்தில் அதை விட்டுக்கொடுத்துவிடக் கூடாது. வண்டிக்குக் கடன் பாக்கி இருந்தால் பணம் முதலில் கடன் நிறுவனத்துக்குத்தான் போகும். எனக்குக் கடன் இல்லை.

பேச்சு முடிவதற்கு முன்பே எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணனைப் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஜொகூர்க்காரர், சுங்கை காடுட்டில் வேலை செய்கிறார். முன்சக்கரம் முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. ரேடியேட்டர் எஞ்சினோடு ஒட்டிக் கிடந்தது. அவர் அதையெல்லாம் பார்க்கவே இல்லை. டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு, கைப்பிடித் தண்டு சேசிஸில் நுழையும் கழுத்துப் பகுதியைத் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். வெல்டிங் ஓரத்தில் பெயின்ட் வெடித்திருக்கிறதா, கைப்பிடி திரும்பி இடிக்கும் அந்தச் சின்ன முட்டு வளைந்திருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவினார். பிறகு பின்சக்கரத்திலிருந்து நூல் பிடித்தார். "தம்பி, போர்க் போச்சு, ரிம் போச்சு. சேசிஸ்ல அடி ஏறல. தாராளமா எடுத்துக்குங்க" என்றார். போர்க் என்றால் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரட்டைக் குழாய். அவர் வேண்டாம் என்றிருந்தால் அன்றே விட்டிருப்பேன். சேசிஸ் கழுத்தில் அடி ஏறிய வண்டியை யார் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

வண்டி என்னிடமே இருப்பதால் சிஓஇ மதிப்பையும் உடம்புக்கு வந்த விலையையும், கோரிக்கையில் நம் பங்காக ஏற்க வேண்டிய எக்ஸஸ் தொகையையும் கழித்துக்கொண்டு மீதியை எனக்குக் கொடுத்தார்கள். அந்தப் பணத்துக்குள்ளேயே வண்டியைக் கட்டி முடிக்க முடிந்தது. புதுப் பாகம் மட்டுமே வாங்கியிருந்தால் முடிந்திருக்காது. பிரித்துப்போட்ட இன்னொரு ரெவோவிலிருந்து போர்க், ரிம், ரேடியேட்டர் கிடைத்தன. வாங்குவதற்கு முன் போர்க் குழாயைக் கழற்றி, கண்ணாடிப் பலகையில் உருட்டிப் பார்த்தார் அண்ணன். அடியில் வெளிச்சம் தெரிந்தால் வளைவு. முதலில் வந்த ஜோடியில் ஒன்று மெல்ல ஆடியது, திருப்பிக் கொடுத்துவிட்டோம். கோன் செட் (கைப்பிடித் தண்டின் பேரிங்), ஆயில் சீல், பிரேக் பேட், டயர் எல்லாம் புதிது. இவற்றில் மிச்சம் பிடிக்கவே கூடாது.

காப்புறுதி மறுபடி எடுப்பது எதிர்பார்த்ததைவிடக் கடினம். டோட்டல் லாஸ் பணம் கொடுத்ததுமே பழைய காப்புறுதி முடிந்துவிட்டது. காப்புறுதி இல்லாமல் சாலை வரி கட்ட முடியாது. நடந்ததை மறைக்காமல் சொன்னேன், நான் கேட்ட இடங்களில் முழுக் காப்புறுதி தரவில்லை. மூன்றாம் தரப்பு, தீ, திருட்டுக்கு மட்டும் கிடைத்தது. மோட்டார் சைக்கிளுக்கு என்சிடி அதிகபட்சமே 20 விழுக்காடுதான். முழுத் தொகையும் கார்க்காரர் தரப்பிலிருந்து வசூலான பிறகு என்னுடையதைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதையும் நானாகக் கேட்டுத்தான் வாங்கினேன்.

ஓட்டிய அனுபவத்துக்கு வருகிறேன். முதல் சில மாதங்களில் இரண்டு தொல்லைகள். பழைய வண்டியிலிருந்து எடுத்த பிரேக் டிஸ்க் ஒன்றில் வளைவு இருந்திருக்கிறது. பிஐஇ விரைவுச்சாலையில் வேகமாகப் போய் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் கைப்பிடி உதறும். புது டிஸ்க் போட்டதும் நின்றது. அடுத்தது இன்னும் படுத்தியது. மழை பெய்தால் மீட்டர் அணைந்துவிடும், வெயில் வந்தால் சரியாகிவிடும். சூப்பர் ஃபோரின் வட்ட ஹெட்லைட்டுக்குள்தான் முன்பக்க வயர் இணைப்புகள் எல்லாம் சுருட்டித் திணிக்கப்பட்டிருக்கும். அதைத் திறந்து ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தபோது, ஒரு பிளாஸ்டிக் இணைப்பில் மயிரிழை அளவு விரிசல், உள்ளே பச்சைப் பாசி பிடித்த செம்பு. விபத்தின் அதிர்ச்சியில் விரிந்திருக்க வேண்டும். முன்பக்கம் அடிபட்ட வண்டியை எடுப்பவர்கள் கட்டும்போதே இந்த இணைப்புகளைப் பார்த்துவிடுங்கள்.

அதன் பிறகு குறை சொல்ல எதுவுமில்லை. ஆண்டுப் பரிசோதனையில் ஒவ்வொரு முறையும் தேறிவிட்டது. டயர் இரு பக்கமும் ஒரே சீராகத் தேய்கிறது. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் மணிக்கணக்காகப் போனாலும் ஒரு பக்கம் இழுப்பதில்லை. எஞ்சின் சுற்று ஏறி ஒவ்வொரு சிலிண்டரிலும் நான்கு வால்வுகளும் திறக்கும்போது வரும் அந்தக் குரல் பழையபடியே இருக்கிறது. ஹோண்டா 2022இல் இந்த வண்டியின் தயாரிப்பை நிறுத்திவிட்டது. அன்று விட்டிருந்தால் இதே தரத்தில் இன்னொன்றைத் தேடிப் பிடிக்க நான் செலவழித்ததைவிட அதிகம் ஆகியிருக்கும்.

விற்கும்போது விலை குறையும், அது தெரிந்தே எடுத்தேன். மதிப்பீட்டாளர் அறிக்கை, சேதத்தின் படங்கள், மாற்றிய பாகங்களின் ரசீதுகள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கின்றன. வாங்க வருபவரிடம் விலை பேசுவதற்கு முன் அதைத்தான் கொடுப்பேன். இப்போதைக்கு விற்கும் எண்ணமில்லை. சிஓஇ முடியும்போது ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்தால் அதோடு வண்டியின் ஆயுள் முடிந்தது, மறுபடி நீட்டிக்க முடியாது. அதனால் பத்து ஆண்டுக்கே கட்டலாம் என்று மாதாமாதம் பணம் ஒதுக்கிக்கொண்டிருக்கிறேன்.