லினக்ஸ், ஃபிரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி: நெட்வொர்க் வேகத்தில் வித்தியாசம் எங்கே தெரிகிறது?

இரண்டு கணினிகளை ஜிகாபிட் கேபிளில் நேராக இணைத்து ஐபெர்ஃப்3 என்ற வேக அளவுக் கருவியை ஓட்டினால், இந்த மூன்று இயங்குதளங்களில் எதைப் போட்டாலும் நொடிக்கு 941 மெகாபிட் அளவில்தான் வந்து நிற்கும். அது ஈதர்நெட்டின் கணக்கு. 1500 பைட் எம்டியூவில் (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) ஹெடர்கள் போக மிஞ்சும் தரவு 1448 பைட், கம்பியில் அந்த ஃபிரேம் பிடிக்கும் இடம் 1538 பைட். இயங்குதளத்தின் மையமான கர்னலைப் பற்றி இந்த எண் எதுவும் சொல்வதில்லை. சர்வராகவும் ரவுட்டராகவும் வருடக்கணக்கில் ஓட்டிப் பார்த்ததில், வித்தியாசம் பளிச்சென்று தெரிவது இரண்டு நிலைகளில்: தூரம் கூடும்போதும், பாக்கெட் சிறுக்கும்போதும்.

முதலில் தூரம். ஜிகாபிட் இணைப்பில் போய்த் திரும்ப 100 மில்லிசெகண்ட் ஆனால், குழாய் நிறைய 12.5 எம்பி தரவு எப்போதும் வழியில் இருக்க வேண்டும். ஃபிரீபிஎஸ்டி 13, 14 பதிப்புகளில் டிசிபி பஃபரின் (தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகம்) இயல்பான உச்சவரம்பு 2 எம்பி. அதனால் ஒரு இணைப்புக்கு ஏறக்குறைய 165 மெகாபிட்டைத் தாண்டாது. லினக்ஸில் அனுப்பும் பக்கம் 4 எம்பி, வாங்கும் பக்கம் 2025 வரை பல ஆண்டுகளாக 6 எம்பி. அதுவும் குழாயை நிரப்பாது, ஆனாலும் நன்றாகவே முந்தும். "ஃபிரீபிஎஸ்டி மெதுவானது" என்ற பேச்சில் பெரும்பங்கு இந்த ஒரு அமைப்பிலிருந்து வருவது.

சரிசெய்வது எளிது, ஆனால் பாதியில் விட்டால் பலன் இல்லை. ஃபிரீபிஎஸ்டி அமைப்புகளான நெட்.இனெட்.டிசிபி.ரெசிவ்பஃப்_மேக்ஸ், சென்ட்பஃப்_மேக்ஸ் இரண்டையும் 16 எம்பிக்கு உயர்த்திவிட்டு, எல்லா பஃபருக்கும் பொது வரம்பான கெர்ன்.ஐபிசி.மேக்ஸ்சாக்பஃப்பை 2 எம்பியிலேயே விட்டால் எதுவும் மாறாது. அதற்கும் 16 எம்பி கொடுத்தால்கூடப் போதாது. நிர்வாகச் செலவுக்கென்று கர்னல் ஒன்பதில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளும். 20 எம்பி கொடுங்கள். ஓபன்பிஎஸ்டியில் பஃபர் தானாக வளரும், உச்சவரம்பைத் தொட சிஸ்கன்ட்ரோலில் (கர்னல் அமைப்புகளை மாற்றும் கட்டளை) இடமில்லை. தொலைதூர பேக்கப் சர்வருக்கு அதைத் தேர்ந்தெடுப்பது சரியல்ல என்பது என் கருத்து.

ஒப்பிடும்போது நெரிசல் கட்டுப்பாட்டையும் (நெரிசலுக்கு ஏற்ப அனுப்பும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் முறை) பாருங்கள். லினக்ஸில் 2006 முதல் கியூபிக் என்ற அல்காரிதம். ஃபிரீபிஎஸ்டி 14இல்தான் அதற்கு மாறியது, அதற்கு முன் நியூரீனோ. பாக்கெட் இழப்புள்ள நீண்ட இணைப்பில் 13ஐயும் லினக்ஸையும் அப்படியே மோதவிட்டால், அளக்கப்படுவது அல்காரிதம்தான், கர்னல் அல்ல.

ரவுட்டர் வேலையில் கதையே வேறு. 64 பைட் பாக்கெட்டுகளாக வந்தால் ஜிகாபிட்டில் நொடிக்கு 14.88 லட்சம் பாக்கெட். ஒன்றுக்குக் கிடைப்பது 672 நானோசெகண்ட். 10 ஜிகாபிட்டில் வெறும் 67. ரவுட்டரிலேயே ஐபெர்ஃப்3 ஓட்டி அளப்பது இங்கே ஏமாற்றும். டிஎஸ்ஓ (தரவைப் பாக்கெட்டாக நறுக்கும் வேலையை நெட்வொர்க் கார்டே செய்வது) இருந்தால் கர்னல் 64 கேபி வரை ஒரே துண்டாகக் கார்டிடம் தள்ளிவிடும், பாக்கெட்டுக்கான செலவு கண்ணிலேயே படாது. ரவுட்டருக்கு இரு பக்கமும் தனி இயந்திரம் வைத்து, நடுவே கடக்கவிட்டு அளக்க வேண்டும். 10 ஜிகாபிட்டுக்கு மேல் அளப்பதானால் ஐபெர்ஃப்3 பதிப்பு 3.16 அல்லது அதற்குப் பிந்தையது தேவை. அதற்கு முந்தையவை, பல இணைப்பு கேட்டாலும் ஒரே த்ரெட்டில்தான் ஓடும்.

ஃபிரீபிஎஸ்டி ரவுட்டரில் எல்ஆர்ஓ, டிஎஸ்ஓ இரண்டையும் ஐஎஃப்கான்ஃபிக் கட்டளையில் அணைத்துவிடுங்கள். எல்ஆர்ஓ வந்த பாக்கெட்டுகளை ஒன்றாக ஒட்டிவிடும், ஒட்டியதை மறுபக்கம் அனுப்பும்போது சிக்கல். ஃபார்வர்டிங்கை (பாக்கெட்டை மறுபக்கம் கடத்துவதை) இயக்கினால் லினக்ஸ் எல்ஆர்ஓவைத் தானே அணைத்துக்கொள்கிறது. இது நிஜமான வசதி.

பிபிபிஓஇ (சில பிராட்பேண்ட் நிறுவனங்கள் பயன்படுத்தும் உள்நுழைவு முறை) இணைப்பு இருந்தால் இன்னொரு முட்டுக்கட்டை. உள்ளே இருக்கும் ஐபி ஹெடரைப் பல கார்டுகளால் படிக்க முடியாததால், வரும் பாக்கெட் எல்லாம் ஒரே க்யூவில் விழும். ஒரு கோர் 100 சதவீதத்தில் தவிக்க, மற்றவை சும்மா இருக்கும். ஃபிரீபிஎஸ்டியில் நெட்.ஐஎஸ்ஆர்.டிஸ்பேட்சை டிஃபர்டு என்று வைத்து, லோடர் கோப்பில் மேக்ஸ்த்ரெட்ஸை மைனஸ் 1 ஆக்கினால் சுமை பரவும்.

ஓபன்பிஎஸ்டி நெடுங்காலம் ஒரே கோரில்தான் ஃபார்வர்டிங் செய்தது. அண்மைப் பதிப்புகளில் பல த்ரெட்டுகள் வந்துவிட்டன. வழக்கமான ஜிகாபிட் போக்குவரத்துக்கு இன்றைய சிபியூவில் தாராளமாகப் போதும். அதன் ஃபயர்வாலான பிஎஃப்பின் விதிகளின் தெளிவுக்காகவே அதை நான் விரும்பி வைத்திருக்கிறேன். 10 ஜிகாபிட்டில் சிறிய பாக்கெட்டுகள் என்றால் மட்டும் லினக்ஸும், பாக்கெட்டை வழக்கமான பாதைக்கு முன்பே கையாளும் அதன் எக்ஸ்டிபியும்தான்.

பிஎஃப்பில் ஒரு இடத்தைக் கட்டாயம் பாருங்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் பிஎஃப் வைக்கும் குறிப்புதான் ஸ்டேட்; அதன் வரம்பு இயல்பாக 1,00,000. அது நிரம்பினால் பழைய இணைப்புகள் ஜோராக ஓடும், புதியவை மட்டும் தொங்கும். பார்ப்பவர்கள் டிஎன்எஸ் மீதும் இணைப்பு மீதும் பழி போடுவார்கள். லினக்ஸில் இதே வேலை செய்யும் கான்ட்ராக் பட்டியல் நிரம்பினால் டிமெசேஜில் (கர்னல் பதிவு) உடனே செய்தி வரும். ஓபன்பிஎஸ்டியின் பிஎஃப் அப்படிச் சத்தம் போடாது. பிஎஃப்சிடிஎல் கட்டளை காட்டும் புள்ளிவிவரத்தில் 'மெமரி' எண்ணிக்கை ஏறுகிறதா என்று பார்த்து, ஏறினால் செட் லிமிட் ஸ்டேட்ஸ் வரியில் வரம்பைக் கூட்டுங்கள்.

பெரிய கோப்புகளை டிஎல்எஸ்ஸில் பரிமாறுவதற்கு ஃபிரீபிஎஸ்டிதான் என் முதல் தேர்வு. கோப்பை நேராக இணைப்பில் அனுப்பும் செண்ட்ஃபைலோடு, மறையாக்கத்தைக் கர்னலுக்குள்ளேயே செய்யும் கர்னல் டிஎல்எஸ் 13.0இலிருந்தே கைகோத்து ஓடுகிறது. நெட்ஃபிளிக்ஸ் தன் ஃபிரீபிஎஸ்டி வீடியோ சர்வர்களில் பயன்படுத்துவதும் இந்தப் பாதையைத்தான்: தரவு யூசர்ஸ்பேஸுக்கு ஏறி இறங்காமல், டிஸ்க்கிலிருந்து கர்னல் வழியாகவே கார்டுக்குப் போய்விடும்.