டயர் காற்றழுத்த சென்சார்: பழைய காரில் ஆறு வருட அனுபவம்

நான் இருப்பது மிச்சிகனில், டெட்ராய்ட்டுக்கு மேற்கே நோவை என்ற ஊரில். ஓட்டுவது 2009 மாடல் ஜப்பான் செடான், 2014-ல் பழைய காராக வாங்கியது. இன்றைக்கு 1,78,000 மைல் தாண்டிவிட்டது. இன்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் கல்லு மாதிரி இருக்கின்றன. ஆனால் டேஷ்போர்டில் குதிரை லாடம் மாதிரி ஒரு வடிவம், நடுவில் ஆச்சரியக்குறி, டயரில் காற்று குறைந்தால் எரிகிற அந்த மஞ்சள் விளக்குக்காக நான் அலைந்த அலைச்சல் கொஞ்சமில்லை. பத்துப் பதினைந்து வருடப் பழைய கார் வைத்திருக்கிற எல்லோருக்கும் இது ஒருநாள் வரப்போகிறது, அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

2019 நவம்பரில்தான் ஆரம்பம். காலையில் வண்டியை எடுத்ததும் விளக்கு ஒரு நிமிடம் போல விட்டுவிட்டு எரிந்தது, அப்புறம் அணையாமல் நின்றுவிட்டது. குளிர்காலம் வந்தாலே காற்று இறங்கும் என்று நினைத்து பெட்ரோல் பங்கில் நான்கு டயருக்கும் காற்று அடித்தேன். அணையவில்லை. இரண்டு நாள் கழித்து மறுபடி அடித்தேன், அப்போதும் அதே கதைதான். விஷயம் என்னவென்றால், எடுத்தவுடன் அசையாமல் எரிந்தால்தான் காற்று குறைவு. முதலில் 60 முதல் 90 நொடி வரை சிமிட்டிவிட்டு அப்புறம் நிலையாக எரிந்தால், ஒவ்வொரு டயருக்குள்ளும் காற்றழுத்தத்தை அளக்கிற சென்சாரோ அதன் கம்ப்யூட்டரோ வேலை செய்யவில்லை என்று அர்த்தம். இந்த ஒரு வித்தியாசத்தை யாராவது அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒரு குளிர்காலமே எனக்கு மிச்சமாகியிருக்கும்.

இங்கே ஒரு சர்வீஸ் சென்டரில் காட்டினேன். ஒரு சென்சார் போய்விட்டது, மாற்ற 190 டாலர் என்றார்கள். விளக்குக்காக 190 டாலரா என்று தள்ளிப்போட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. ஒரு சென்சார் செத்தால் மற்ற மூன்றும் நன்றாக இருந்தும் பிரயோஜனமில்லை, ஏனென்றால் எல்லாவற்றுக்கும் விளக்கு ஒன்றுதான். அது ஏற்கெனவே எரிந்துகொண்டே இருக்கும்போது வேறொரு டயரில் நிஜமாகவே காற்று இறங்கினால் உங்களுக்குத் தெரியவே தெரியாது.

எனக்கு அப்படித்தான் ஆனது. 2020 பிப்ரவரி, ஐ-96 நெடுஞ்சாலையில் லான்சிங்கிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம், பின் சீட்டில் மனைவியும் மகளும். வண்டி லேசாக வலப்பக்கம் இழுத்தது, காற்று பலமாக வீசுகிறது என்று நினைத்தேன். அடுத்த எக்ஸிட்டில் இறங்கிப் பார்த்தால் பின் வலது டயர் பாதி சப்பை, பக்கச்சுவரில் கை வைக்க முடியாத சூடு. மறுநாள் கடையில் டயரை ரிம்மிலிருந்து கழற்றியபோது உள்ளே பள்ளிக்கூடப் பிள்ளைகள் ரப்பரால் அழித்தால் வருமே, அந்த மாதிரி கறுப்புத் தூள் இரண்டு கைப்பிடி கொட்டியது. காற்றில்லாமல் ஓடி ஓடி பக்கச்சுவர் உள்ளுக்குள்ளேயே அரைபட்டிருக்கிறது. வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது. இன்னும் ஐந்து மைல் ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு கலங்குகிறது.

இந்த விளக்கு சும்மா வந்ததில்லை. ஃபயர்ஸ்டோன் டயர் போட்ட ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர்கள் ஓடும்போதே டயர் பிரிந்து உருண்டு, அமெரிக்காவில் 200-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகுதான் 2000-ல் இதற்குச் சட்டம் வந்தது. 2007 செப்டம்பரிலிருந்து தயாராகும் எல்லா கார்களிலும் கட்டாயம். கதவு ஓர ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அழுத்தத்தைவிட 25 சதவீதம் குறைந்தால் விளக்கு எரிய வேண்டும். என் வண்டிக்கு 32 பிஎஸ்ஐ, அப்படியென்றால் 24-ல் எரியும். கண்ணால் பார்த்து 32-க்கும் 24-க்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது இந்தக் காலத்து டயரில் ரொம்பக் கஷ்டம். (டயரின் பக்கத்தில் அச்சடித்திருக்கும் 44, 51 எல்லாம் அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, அதைப் பார்த்துக் காற்று அடிக்காதீர்கள்.)

சரி, ரிப்பேர் விஷயத்துக்கு வருகிறேன். 2020 மார்ச்சில் அந்த ஒரு சென்சாரை மட்டும் மாற்றினேன். விளக்கு அணைந்தது. ஆகஸ்டில் மறுபடி சிமிட்ட ஆரம்பித்தது, இந்தத் தடவை முன் இடது. வேறொரு டயர் கடையில் 160 டாலர். ஒவ்வொரு தடவையும் டயரைக் கழற்றி, சென்சார் மாட்டி, பேலன்ஸ் செய்து, வண்டியின் கம்ப்யூட்டரில் புது சென்சாரைப் பதிவு செய்ய வேண்டும். சாமானைவிடக் கூலிதான் அதிகம். சென்சாருக்குள்ளே ஒரு சின்ன லித்தியம் பேட்டரி இருக்கிறது, ஐந்திலிருந்து பத்து வருடம் வரும், அதைச் சுற்றிப் பிசின் ஊற்றி மூடியிருப்பார்கள். தண்ணீரும் அதிர்ச்சியும் தாக்காமல் இருக்க அந்தப் பிசின் வேண்டும், ஆனால் அதனாலேயே பேட்டரியை மட்டும் மாற்ற வழியில்லை. பிசினைச் சுரண்டி புது பேட்டரி சால்டர் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், மூடுவது சரியாக அமையாவிட்டால் ஈரம் இறங்கிச் சீக்கிரமே போய்விடும். திரும்ப டயரைக் கழற்றுகிற கூலியைக் கணக்குப் போட்டால் கட்டவே கட்டாது.

2021 ஜனவரியில் மூன்றாவது. இது பேட்டரியால் போகவில்லை, உப்பால் போனது. டெட்ராய்ட் நகரத்துக்கு அடியில் ஆயிரம் அடிக்கும் கீழே ஒரு பெரிய உப்புச் சுரங்கம் இருக்கிறது, பனிக்காலத்தில் இந்த வட்டாரத்து ரோடெல்லாம் உப்பு. சென்சாரோடு வரும் வால்வுத் தண்டு அலுமினியம். அதற்குள் யாரோ எப்போதோ சாதாரணப் பித்தளை வால்வு ஊசியைப் போட்டிருந்தார்கள். பித்தளையும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும், அதனால்தான் இதற்கென்று நிக்கல் பூசிய ஊசி தனியாக வருகிறது. போதாததற்கு நான் அழகுக்காக உலோக மூடி வேறு போட்டிருந்தேன். மூடி இறுகிப்போய்விட்டது. கடைப் பையன் இடுக்கியால் மெல்லத்தான் திருகினான், தண்டு கரும்பு ஒடிவது போல அடியோடு ஒடிந்து கையில் வந்தது, உடைந்த இடம் முழுக்க வெள்ளை மாவு. அவன் மேல் தப்பே இல்லை. அன்றிலிருந்து நான் பிளாஸ்டிக் மூடிதான் போடுகிறேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

அப்போதுதான் இங்கே கார் பாகக் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் கோயம்புத்தூர்க்காரத் தம்பி ஒருவரிடம் புலம்பினேன். அவர் சொன்னது: "அண்ணா, இப்படி ஒண்ணொண்ணா மாத்திட்டே இருந்தா முடியவே முடியாது. நாலும் ஒரே நாள்ல பொறந்தது, ஒரே காலத்துலதான் போகும். அடுத்த தடவை டயர் மாத்துறப்போ நாலையும் சேர்த்து மாத்திடுங்க, ஐடி எழுதுறதை நான் பாத்துக்கறேன்."

அப்படியே செய்தோம். 2021 ஏப்ரலில் நான்கு புது டயர், ஆட்டெல் கம்பெனியின் நான்கு எம்எக்ஸ் சென்சார். நான்கு சென்சாரும் சேர்த்து 130 டாலர். டயர் எப்படியும் கழற்றத்தான் போகிறார்கள் என்பதால் சென்சாருக்கென்று தனிக் கூலி கேட்கவில்லை. இந்தச் சென்சார் வெறும் பலகை மாதிரி, அதில் எந்த எண்ணை எழுதினாலும் எழுதிக்கொள்ளும். ஒவ்வொரு சென்சாருக்கும் ஒரு ஐடி உண்டு, உங்கள் கார் அந்த ஐடிகளை மட்டும்தான் நம்பும், பக்கத்துக் காரின் டயர் சொல்வதைக் கேட்காது. சில கார்கள் கொஞ்ச தூரம் ஓட்டினாலே புது ஐடியைத் தானாகக் கற்றுக்கொள்ளும். என் கார் அந்த ரகம் இல்லை, வண்டியின் கம்ப்யூட்டரோடு கருவியை இணைக்கிற ஓபிடி போர்ட் வழியாக எழுதித்தான் ஆக வேண்டும். அதற்குப் பதில் பழைய சென்சாரின் ஐடியைப் படித்துப் புது சென்சாரில் அப்படியே நகல் எடுத்துவிட்டால், வண்டிக்கு எதுவும் மாறியதாகவே தெரியாது.

தம்பி கையில் பெரிய கால்குலேட்டர் மாதிரி ஒரு கருவி. வால்வுக்குப் பக்கத்தில் பிடித்துப் பட்டனை அழுத்தினால் ஐடி, அழுத்தம், வெப்பம், பேட்டரி நிலை நான்கும் திரையில் வந்துவிடும். மூன்றை அப்படிப் படித்தோம். உடைந்ததன் ஐடியை வண்டியின் கம்ப்யூட்டரிலிருந்தே ஓபிடி வழியாக எடுத்தோம். கார் ஷெட்டில் உட்கார்ந்து நான்கையும் எழுத இருபது நிமிடம்கூட ஆகவில்லை, எழுதிய கையோடு எந்தச் சக்கரத்துக்கு எது என்று மார்க்கரால் குறித்துக் கடைக்குக் கொண்டுபோனேன். வாங்கும்போது அலைவரிசையை மட்டும் பாருங்கள்: என் வண்டிக்கு 315 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவுக்கு என்று வருவது 433. மாற்றி வாங்கினால் குப்பைத்தொட்டிக்குத்தான் போகும். நான் வாங்கியது இரண்டிலும் வேலை செய்கிற வகை.

ரீசெட் பட்டனைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் நானே இதைத் தப்பாகப் புரிந்து வைத்திருந்தேன். என் வண்டியில் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிறது, சாவி போட்டு அழுத்திப் பிடித்தால் விளக்கு மூன்று தடவை மெதுவாகச் சிமிட்டும். அது செத்த சென்சாரை உயிர்ப்பிக்காது. இப்போது டயரில் இருக்கும் அழுத்தம்தான் சரியான அழுத்தம் என்று வண்டிக்குச் சொல்லிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். காற்று குறைவாக இருக்கும்போது விளக்கை அணைக்க அதை அழுத்தினால் வண்டி அந்தக் குறைவையே அளவாக எடுத்துக்கொள்ளும். முதலில் டயர் ஆறியிருக்கும்போது காற்றைச் சரிபார்த்துவிட்டு அப்புறம் அழுத்துங்கள்.

அதன்பிறகு நாலரை வருடம், 54,000 மைல், நான்கு குளிர்காலம். ஒரு தடவைகூட சிமிட்டவில்லை. எரிந்தது மூன்று முறை, மூன்றும் உண்மை. இரண்டு ஜனவரிக் குளிரில். 10 டிகிரி ஃபாரன்ஹீட் குறைந்தால் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ இறங்கும், அக்டோபரில் 60 டிகிரியில் அடித்த காற்று பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும் காலையில் 25-ஐ ஒட்டி நிற்கும். இப்போது டிசம்பர் தொடக்கத்திலேயே ஒருமுறை பார்த்து நிரப்பிவிடுகிறேன். மூன்றாவது 2023 செப்டம்பரில், மகளை நீச்சல் வகுப்பிலிருந்து கூட்டிவரும்போது. உடனே ஓரம் கட்டி அளந்தால் முன் வலதில் 23. ஒரு ஸ்க்ரூ ஏறியிருந்தது. டயர் கெடுவதற்கு முன் பார்த்ததால் உள்பக்கம் பேட்ச் போட்டுத் தப்பித்தது. அந்த ஒரு நாளிலேயே 130 டாலருக்குப் பலன் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

பஞ்சர் கடையில் விடும்போது உள்ளே சென்சார் இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். வால்வுக்குப் பக்கத்திலேயே மெஷினை வைத்து டயரை அமுக்கினால் சென்சார் நொறுங்கிவிடும். பாட்டிலில் வரும் பஞ்சர் திரவமும் சில சென்சார்களின் துளையை அடைத்துவிடும். டயர் கழற்றும்போதெல்லாம் வால்வின் ரப்பர் வளையம், நட்டு, ஊசி அடங்கிய சின்ன கிட்டை மாற்றச் சொல்லுங்கள், சில டாலர்தான். இன்னொன்று, நான்கு சென்சாரையும் ஒரு பிவிசி குழாயில் போட்டு, குழாய்க்குக் காற்றடித்து டிக்கியில் வைத்து விளக்கை ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த வண்டியை நாளைக்கு வாங்குகிறவர் விளக்கை நம்பித்தான் குடும்பத்தை ஏற்றுவார். பழைய கார் வாங்கப் போனால் சாவி போட்டதும் இந்த விளக்கு ஒருமுறை எரிந்து அணைகிறதா பாருங்கள். எரியவே இல்லை என்றால் யாரோ விளக்கில் கைவைத்திருக்கிறார்கள்.

போன மாதம் தம்பியின் கருவியால் மறுபடி பார்த்தோம், நான்கிலும் பேட்டரி நன்றாகவே காட்டுகிறது. பின் இடது மட்டும் மாதத்துக்கு 1 பிஎஸ்ஐ இறங்குகிறது, அது சென்சார் குற்றமில்லை, டயர் உட்காரும் இடத்தில் அலாய் ரிம் அரித்திருக்கிறது. டயரும் தேய்ந்துவிட்டதால் வசந்த காலத்தில் புதுசு போடவேண்டும், ரிம்மையும் அப்போதே தேய்த்துச் சுத்தம் செய்யச் சொல்வேன். சென்சாரில் பேட்டரி மிச்சம் இருந்தாலும் நான்கையும் அன்றைக்கே மாற்றிவிடப் போகிறேன், ஏனென்றால் அந்த டயர் இன்னும் ஐந்து வருடம் ஓடும், இந்தப் பேட்டரிக்கு அதற்குள் பத்து வயதாகிவிடும்.